கண்ணீர் நுழைவுச் சீட்டாகுமா?

“உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுது” என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? நாட்டுப்பற்றைப் பற்றி எழுதச் சொன்னால் நமக்குத் தெரியும். மழைநீர்ச் சேமிப்பைப் பற்றி எழுதச் சொன்னாலும் தெரியும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புகள் இட்டு, நடுவே இரண்டு மேற்கோள்களையும் வைத்து, மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவோம். ஆனால் “நீ யார்?” என்ற கேள்விக்கு நம் கட்டுரை ஏட்டின் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை.

இந்தக் கேள்வியை விளையாட்டாக அன்றி, மெய்யாகவே கேட்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்புவோர் எல்லோரும் இதற்கு விடை எழுதியே ஆக வேண்டும். அங்கே பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் சட்டக் கல்லூரிக்குப் போக இயலாது. முதலில் நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பட்டப்படிப்பு. அதன் பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. விண்ணப்பிக்கும்போது கல்லூரி மதிப்பெண்களை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் ‘எல்சாட்’ என்னும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 1948 முதல் நடந்துவரும் தேர்வு அது. இப்போது அதன் மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடிகிறது. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். இவற்றோடு ‘பெர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்னும் கட்டுரை ஒன்றையும் இணைக்க வேண்டும். அதை நாம் தன்விளக்கக் கட்டுரை என்று அழைப்போம். வரிகளுக்கிடையே இடம் விட்டு அச்சிட்டால் ஏறத்தாழ இரண்டு பக்கம் வரும். தலைப்பைப் பெரும்பாலும் கல்லூரி தருவதில்லை. எழுதுபவரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பில் சேர மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008 முதல் ‘கிளாட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டிலும் “நீ யார்?” என்று கேட்பவர் இல்லை. அப்படியிருக்கப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பா மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தவர். அங்கேயே கல்லூரிப் படிப்பையும் முடித்தவர். இவ்வாண்டு சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். அவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அவருடைய தந்தையார் காலமானார். “அப்பா போனதை எழுது, படிப்பவர் மனம் இளகிவிடும், இடம் நிச்சயம்” என்று உறவினர் பலரும் தொலைபேசியில் அறிவுரை கூறினார்கள். அந்த அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. “அதை எழுதாவிட்டால் இடம் கிடைக்காது என்கிறார்களே, நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?” என்று தங்கையிடம் கேட்டார். தங்கை எங்களிடம் கேட்டாள். மதிய உணவு இடைவேளைகளில் நாங்கள் இதைப் பற்றிப் பல நாள் வாதாடினோம். நூலகத்திலும் கணினி அறையிலும் தேடிப் படித்தோம். அந்த அக்காவின் இசைவைப் பெற்றே இதை எழுதுகிறோம். தந்தையார் காலமானார் என்பதற்கு மேல் எதையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே அதற்கு மேல் எழுதவில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருத்தியின் துயரம் அவளுடைய சொத்து. அதைக் கல்லூரி வாயிலில் கட்டணமாகச் செலுத்த வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. தனக்கு நேர்ந்ததில் மிகப் பெரியது எது என்று தேடுவதைவிட, தான் செய்ததில் நன்கு அறிந்தது எது என்று தேடுவதே தலைப்பைத் தேர்வதற்கு நல்ல வழி.

இதற்குக் காரணம் கூற வேண்டும் அல்லவா? அந்தக் கட்டுரை எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். மதிப்பெண்ணை மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடுகிறது. பரிசுகளையும் பதவிகளையும் தன்விவரப் பட்டியல் சொல்லிவிடுகிறது. ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதைப் பரிந்துரைக் கடிதம் சொல்லிவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றே. இந்தப் பெண் எதைக் கவனிக்கிறாள், எப்படி யோசிக்கிறாள், அதை எத்தனை தெளிவாகச் சொல்கிறாள் என்பதே அது. வழக்கறிஞரின் தொழிலும் அதுதானே! எனவே “நான் மாவட்ட அளவில் முதற்பரிசு பெற்றேன், மாணவர் தலைவியாக இருந்தேன்” என்று பட்டியலை மறுபடியும் வாக்கியமாக எழுதுவது ஒரு பக்கத்தை வீணடிப்பதாகும்.

அப்படியானால் பலரும் எதை எழுதுகிறார்கள்? அங்கே சில தலைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. “குழந்தைப் பருவம் முதலே வழக்கறிஞராக விரும்பினேன்” என்பது ஒன்று. ஒரு பெரிய மனிதரின் பொன்மொழியோடு தொடங்குவது இன்னொன்று. ஏழை நாடு ஒன்றுக்கு இரண்டு வாரம் தொண்டு செய்யப் போய், அங்கே குழந்தைகளின் புன்னகையைக் கண்டு மனம் மாறியதாக எழுதுவது வேறொன்று. தாத்தாவின் மறைவு, நோய், விபத்து ஆகியவை மற்றொரு வகை. இவையெல்லாம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் படித்து முடித்த பின் நமக்குத் தாத்தாவைத் தெரிந்திருக்கும், பேத்தியைத் தெரிந்திருக்காது. கல்லூரியில் சேரப் போகிறவரோ பேத்தி!

இங்கே இரு பெண்மணிகளின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறோம். இருவரும் அமெரிக்கச் சட்ட வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்றவர்கள். இருவரிடமும் “உன்னைப் பற்றிச் சொல்” என்ற கேள்வி கேட்கப்பட்டது. அதுவும் அன்போடு கேட்கப்படவில்லை.

முதலாமவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1950 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கின்ஸ்பர்க் 1956-இல் அங்கே சேர்ந்தபோது ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர் மட்டுமே. அந்த ஒன்பது பேரையும் கல்லூரித் தலைவர் தம் வீட்டு விருந்துக்கு அழைத்தார். ஓர் ஆண்மகனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் நீங்கள் ஏன் வந்து அமர்ந்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அப்போது கின்ஸ்பர்க்கின் கணவரும் அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர். கணவரின் வேலையை மனைவி புரிந்துகொள்வது முக்கியம் என்ற பொருளில் தாம் ஏதோ சொல்லிச் சமாளித்ததாகக் கின்ஸ்பர்க் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அவரிடம் சொல்வதற்கு உருக்கமான கதை இல்லாமலா போயிற்று? அவர் பள்ளி இறுதி வகுப்பு முடித்துப் பட்டமளிப்பு விழாவுக்குச் செல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், புற்றுநோயால் அவருடைய தாயார் இறந்துபோனார். அதை அந்த விருந்தில் அவர் எடுத்து வைக்கவில்லை. 1959-இல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு பட்டம் பெற்றார். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் நின்று பேசிய உரையை முடிக்கும் வேளையில், தம் தாயாரை நினைவுகூர்ந்தார். இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எப்போது, யார் முன்னிலையில், எந்தச் சொற்களில் தாயைப் பற்றிப் பேசுவது என்பதை மகளே முடிவு செய்தார். அந்த உரிமையைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இரண்டாமவர் பாலி மர்ரி. கறுப்பினத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தாயை இழந்தவர். 1938-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்; கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. பிறகு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். 1944-இல் முதல் மாணவியாகத் தேறினார். அங்கே முதலிடம் பெறுவோர் மேற்படிப்புக்கு ஹார்வர்டுக்குப் போவது வழக்கம். மர்ரிக்கு மட்டும் ஹார்வர்டு கதவைத் திறக்கவில்லை. இம்முறை சொன்ன காரணம், அவர் பெண் என்பது! குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பரிந்துரைத்தும் பயனில்லை. அவர் சோர்ந்துவிடாமல் கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்குச் சென்று மேற்பட்டம் பெற்றார்.

1952-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிப் பணிக்கு மர்ரி விண்ணப்பித்தார். அவருடைய முந்தைய தொடர்புகள் சரியில்லை என்று சொல்லி அந்தப் பணியும் மறுக்கப்பட்டது. தம் கடந்த காலத்தைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டுக்கு அவர் எழுதிய பதில் ஒரு முழுப் புத்தகம். ‘ப்ரவுட் ஷூஸ்’ என்னும் அந்நூல் 1956-இல் வெளிவந்தது. அதில் அவர் தம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையை எழுதினார். உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான படையில் இருந்து, பின்பு விடுதலை பெற்ற மக்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தாத்தா. அடிமையாகப் பிறந்த பாட்டி. ஊர் ஊராக அலைந்து பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து எழுதினார். நான் எத்தனை அடி பட்டேன் பாருங்கள் என்று அவர் கணக்குக் காட்டவில்லை. என் தொடர்புகள் இவர்கள்தாம் என்று தலை நிமிர்ந்து சொன்னார். தன்விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இருக்க முடியுமா?

மேற்சொன்னவை பழங்கதைகள் என்று தள்ளிவிட வேண்டாம். அண்மையில் இந்தக் கட்டுரையின் எடை இன்னும் கூடியிருக்கிறது. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறையைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவரைத் தேர்ந்தெடுக்கையில் பல கூறுகளுள் ஒன்றாக இனத்தையும் கருதலாம் என்றது அத்தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், 1952-இல் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியில் உயர்ந்த இடம் பெற்றுத் தேறியும், பெண் என்பதால் வழக்கறிஞர் வேலை கிடைக்காமல் திண்டாடியவர். இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா ஆகிய இரு பல்கலைக்கழகங்களைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. இனத்தைத் தனியொரு கூறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். ஆனால், தன் இனம் தன் வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது என்று ஒரு மாணவர் தாமே எழுதினால், அதிலிருந்து அவருடைய துணிவையோ திறமையையோ கல்லூரி அறிந்துகொள்வதற்குத் தடையில்லை என்றும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தம் தீர்ப்பில் எழுதினார்.

இதன் விளைவு என்ன? பல கல்லூரிகள் கட்டுரைக் கேள்விகளை மாற்றி அமைத்தன. விண்ணப்பப் படிவத்தில் முன்பு ஒரு கட்டத்தில் குறியிட்டால் தெரிந்துவிட்ட செய்தியை இப்போது எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எழுதட்டுமே, நல்லதுதானே என்று எங்களுள் சிலர் சொன்னார்கள். ஆம், சொல்ல விரும்புகிறவருக்கு அது நல்லதே. ஆனால் சொல்ல விரும்பாத பெண் என்ன செய்வாள்? வசதியான வீட்டுப் பெண் தன் தோட்டத்தைப் பற்றியோ சதுரங்கத்தைப் பற்றியோ எழுதலாம். ஏழைப் பெண்ணோ, கறுப்பினப் பெண்ணோ, அயல்நாட்டிலிருந்து குடியேறியவரின் மகளோ தன் காயத்தைத் திறந்து காட்டினால்தான் மதிப்பு என்றால், அது எந்த ஊர் நியாயம்? தோட்டத்தைப் பற்றி எழுதும் உரிமை அவளுக்கும் வேண்டும். தீர்ப்பில் சொல்லப்பட்டிருப்பதும் கவனிக்கத் தக்கது. துணிவு, திறமை என்று அங்கே கூறப்படுபவை அவளுக்கு நேர்ந்தவை அல்ல, அவளிடம் இருப்பவை.

“துயரம்தான் என்னை உருவாக்கியது; அதை மறைத்துவிட்டு நான் எப்படி என்னைப் பற்றி எழுதுவேன்?” என்று எங்கள் வாதத்தில் ஒருத்தி கேட்டாள். மிக நியாயமான கேள்வி. மறைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத விரும்பினால் எழுதட்டும். ஆனால் துயரம் நிலமாக இருக்கட்டும். அதில் அவள் நட்டு வளர்த்தது கட்டுரையாக இருக்கட்டும். இரண்டு பக்கத்தில் ஒன்றேமுக்கால் பக்கம் மருத்துவமனையும், கடைசி நான்கு வரியில் “எனவே நான் வழக்கறிஞராக விரும்புகிறேன்” என்பதும் இருந்தால், அந்தக் கால் பக்கப் பெண்ணை யார் அறிவார்?

இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தால், அதற்கென்று தனியே ஒரு சிறு இணைப்புக் குறிப்பு எழுத அங்கே இடம் தருகிறார்கள். இன்ன மாதம் இன்னது நேர்ந்தது, ஆதலால் மதிப்பெண் குறைந்தது, பின்னர் சரியாயிற்று என்று நான்கைந்து வரிகள் போதும். அலங்காரம் தேவையில்லை. காரணம் வேறு, கட்டுரை வேறு. இதை அறியாததால்தான் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தலைப்பைத் தேர்வதற்கு நாங்கள் கலந்து பேசி மூன்று சல்லடைகளை வைத்தோம். பெரியோர் குறை கண்டால் திருத்துவார்களாக.

முதற் சல்லடை: இதில் நான் என்ன செய்தேன்? கட்டுரையில் உள்ள வினைச்சொற்களுக்கு அடியில் கோடிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தேன், கேட்டேன், மறுத்தேன், எண்ணினேன், திருத்தினேன் என்று தன்மை வினைகள் வந்தால் நன்று. எல்லா வினைகளும் பிறருடையவை என்றால் அது வேறொருவரின் வரலாறு. இலக்கண வகுப்பில் படிக்கும் தன்மை, முன்னிலை, படர்க்கை இங்கே பயன்படுவதைக் கண்டு நாங்களே வியந்தோம்!

இரண்டாம் சல்லடை: இன்னும் மூன்று கேள்வி கேட்டால் விடை சொல்வேனா? உலக அமைதியைப் பற்றி எழுதினால் முதற் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வோம். பால் கணக்கைப் பற்றி எழுதினால் முப்பது கேள்விக்கும் விடை தெரியும். பெரிய தலைப்பு நம்மைச் சிறியவராக்கிவிடும். சிறிய தலைப்பில் நாம் நிமிர்ந்து நிற்கலாம்.

மூன்றாம் சல்லடை: இது என் கதைதானா? இதில் வரும் அம்மாவோ தோழியோ இதைப் படித்தால் என்ன நினைப்பார்? தோழியின் வீட்டுச் சண்டையையும் அண்ணனின் நோயையும் அவர்களைக் கேட்காமல் எழுதி இடம் வாங்குவது, அயலார் தோட்டத்து மாங்காயைப் பறித்துப் பரிசு வாங்குவதைப் போன்றது.

இந்த மூன்றையும் அந்த அக்காவுக்கு எழுதி அனுப்பினோம். அவர் தேர்ந்த தலைப்பு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்லூரி நாட்களில் அவர் ஊர்ப் பொது நூலகத்தின் முகப்பு மேசையில் பகுதிநேர வேலை பார்த்தவர். மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஒரு வயதான அம்மையார் உறுப்பினர் அட்டை கேட்டு வந்தார். முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள். மின்கட்டணச் சீட்டும் வாடகைப் பத்திரமும் மகள் பெயரில் இருந்தன. இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார். அக்கா நூலக விதிகளை முழுவதும் படித்தார். தன் பெயருக்கு அஞ்சலில் வந்த கடிதம் ஒன்றைக் காட்டினாலும் போதும் என்று அவற்றுள் ஒரு விதி இருந்தது. அது எந்த அறிவிப்பிலும் எழுதப்படவில்லை. மேசையில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அம்மையாருக்கு அட்டை கிடைத்தது. ஆனால் அக்கா அதோடு நிற்கவில்லை. அந்த விதியை எல்லோருக்கும் தெரியுமாறு முகப்பில் எழுதி வைக்க வேண்டும் என்று நூலகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கூட்டம் அதிகமாகிவிடும், போலிக் கடிதங்கள் வரும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் பொருள் இருந்தது என்று அக்கா ஒப்புக்கொள்கிறார். கடைசியில் கடிதத்தில் அஞ்சல் முத்திரை இருக்க வேண்டும் என்ற சொற்களைச் சேர்த்து அறிவிப்பு வைக்கப்பட்டது.

இதில் கண்ணீர் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்! விதியைப் படித்தல், எழுதப்படாத வழக்கம் எழுதப்பட்ட விதியை மறைத்துவிடுவதைக் கண்டுகொள்ளுதல், எதிர்த்தரப்பின் சொல்லைக் கேட்டல், இருவருக்கும் பொருந்துமாறு சொற்களை அமைத்தல். இது சட்டம் அல்லாமல் வேறென்ன? ‘சட்டம்’ என்ற சொல்லை அதிகம் பயன்படுத்தாமலே அந்தப் பெண் சட்டம் படிக்கத் தகுந்தவர் என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிகிறது. தந்தையாரின் மறைவை இணைப்புக் குறிப்பில் ஐந்து வரியில் எழுதியிருக்கிறாராம். அந்த அளவு போதும் என்று அவர் கருதினார். கல்லூரிகளின் முடிவு இன்னும் வரவில்லை. எந்த முடிவு வந்தாலும் அவர் தம் தந்தையை விற்றுவிட்டதாக ஒருநாளும் வருந்த வேண்டியதில்லை.

மிகைப்படுத்துவதைப் பற்றியும் ஒரு சொல். “கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது?” என்பார் உண்டு. அங்கே சட்டம் படித்து முடித்த பிறகும், வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் அவருடைய நன்னடத்தையை ஆராய்கிறார்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னது அப்போது வெளிப்பட்டால் மூன்றாண்டுப் படிப்பும் வீணாகலாம். உண்மையைக் காக்கும் தொழிலுக்குள் பொய்யோடு நுழையலாகாது என்பது சரிதானே! இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதுவதைப் பற்றியும் பேசுகிறார்கள். 2023-இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளுக்கு அதைத் தடை செய்தது. அதே ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அனுமதித்தது. எது சரி என்று பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எங்களுக்குத் தெரிந்தது ஒன்று. பெரிய சொற்களை எந்தக் கருவியும் எழுதித் தரும். அந்த அம்மையார் இரண்டாம் முறை வெறுங்கையோடு படியிறங்கியதை மேசையில் இருந்தவர் மட்டுமே பார்த்தார்.

அன்பார்ந்த பெற்றோர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் மகள் அமெரிக்காவுக்குப் போகாமல் இருக்கலாம். சட்டம் படிக்காமலும் இருக்கலாம். ஆனால் ஏதேனும் ஒரு நாள், ஏதேனும் ஒரு மேசைக்கு எதிரே அமர்ந்து, “உன்னைப் பற்றிச் சொல்” என்ற கேள்வியை அவள் சந்திக்கத்தான் போகிறாள். உதவித்தொகைக்காக இருக்கலாம், வேலைக்காக இருக்கலாம், பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பதாகவும் இருக்கலாம். அந்த விடையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எதைச் சொன்னால் இரக்கம் வரும், எதைச் சொன்னால் பெருமை வரும் என்று கணக்கிட்டுச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவளே யோசிக்கட்டும். அவள் வாய் திறக்க நேரம் ஆனால் பொறுத்திருங்கள்.

மதிப்பிற்குரிய சிஸ்டர்களே, ஆசிரியைகளே! எங்கள் கட்டுரை ஏட்டில் ஆண்டுக்கு இருபது தலைப்புகள் எழுதுகிறோம். இருபதும் நல்ல தலைப்புகளே. ஆனால் நாற்பத்தெட்டுப் பேரின் ஏட்டையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் முடிவுரை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கிறது. திருத்துகிற உங்களுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். மாதத்திற்கு ஒரு முறையாவது, தலைப்பைக் கரும்பலகையில் எழுதாமல் எங்களிடமே விட்டுவிடுங்கள். இந்த மாதம் நீ செய்ததில் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுது என்று மட்டும் சொல்லுங்கள். மேற்கோள் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எழுத விரும்பாததை ஒருத்தி எழுதாமல் விட்டால், ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பக்கத்தில் எழுத்துப் பிழை கூடுதலாக இருக்கக்கூடும். ஆனால் நாற்பத்தெட்டு ஏடுகளிலும் நாற்பத்தெட்டுப் பேர் இருப்பார்கள்.

தோழியரே! நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாடிப்படியில் சிறிய வகுப்புக் குழந்தைகளை வரிசைப்படுத்துகிறவள், வீட்டில் மண்ணெண்ணெய் முதல் மளிகை வரை கணக்கு எழுதியவள், பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறவள், வலைப்பந்து ஆட்டத்தில் தன் அணிக்கு எதிராகவே தவற்றை ஒப்புக்கொண்டவள் என்று நம்முள் எத்தனை பேர்! இவற்றுள் எதை எடுத்தாலும் இரண்டு பக்கம் வரும். மூன்று சல்லடையிலும் சலித்துப் பாருங்கள், மிஞ்சுவது உங்களுடையது. அதை அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. தெளிவாக எழுதினால் போதும்.

எழுதாமல் வைத்துக்கொள்ளும் பக்கங்களும் நமக்கு உண்டு. அவற்றை என்றேனும் ஒருநாள், நாமே தேர்ந்த வேளையில், நாமே தேர்ந்தவர்களுக்குச் சொல்வோம். அதுவரை அவை நம்மிடமே பத்திரமாக இருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு